பாவைக்கு நினைவு வந்தபின்

மர்மக் கதைகளுக்கு ஒரு சாபம் உண்டு. முடிச்சு அவிழ்ந்த மறுகணமே வாசகன் அவற்றைக் கைவிட்டுவிடுகிறான். எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வெளிவந்தபோது, வாரம் முழுவதும் வாசகர்களை அலைக்கழித்த கேள்வி நாட்டை ஆளும் ஜீவா யார் என்பதுதான். அவன் வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிந்துவிட்ட பிறகு அந்தக் கேள்விக்கு மதிப்பில்லை. இன்று அந்நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜீவாவை யாரும் முதலில் நினைவுகூர்வதில்லை. நினைவுக்கு வருவது ஜீனோ. கதையின் ஓரத்தில் ஒரு இயந்திர நாய்க்குட்டியாக நுழைந்து, புத்தகங்களைப் படித்து, பேசி, ஆசிரியரின் பிடியிலிருந்தே நழுவியதைப் போல வளர்ந்து, ‘மீண்டும் ஜீனோ’ என்ற இரண்டாம் பாகத்தின் தலைப்பையும் கைப்பற்றிக்கொண்ட ஜீனோ.

எங்கள் நண்பர் குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சின்னமனூர்க்காரர். அந்நாட்களில் விகடன் வந்து சேரும் நாளில் முடிதிருத்தும் கடையில் நடந்த சர்ச்சைகளை அவர் சொல்லக் கேட்கவேண்டும். ரவியும் மனோவும் நல்லவர்களா, நிலாவின் கணவன் சிபி உயிரோடிருக்கிறானா, ஜீவா ஒருவனா பலரா என்றெல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே வாதிட்டிருக்கிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பார் அவர். ஜீனோவுக்கு உண்மையிலேயே உணர்ச்சி உண்டா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லையாம். அது பேசியது, கேலி செய்தது, நிலாவிடம் பரிவு காட்டியது. அதற்குமேல் என்ன சாட்சியம் வேண்டும் என்றிருந்திருக்கிறார்கள். பின்னர் அக்கதை தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் அலையைப் பிடிக்க மொட்டைமாடியில் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்த காலம். எங்களில் இளையவர்கள் ஜீனோவை முதலில் அறிந்தது அப்படித்தான். அப்போதும் அக்கேள்வி எழவில்லை.

இந்தத் தகவலை அன்று ஒரு சுவையான செய்தியாகக் கேட்டுவைத்துக்கொண்டதோடு சரி. அதன் பொருள் பிடிபட ‘வெஸ்ட்வேர்ல்ட்’ வரவேண்டியிருந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மைக்கேல் கிரைட்டன் 1973இல் எழுதி இயக்கிய திரைப்படத்தை வேராகக்கொண்டு ஜோனதன் நோலன், லிசா ஜாய் இணையர் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக உருவாக்கிய தொடர் இது. 2016 அக்டோபரில் தொடங்கி 2022 ஆகஸ்டு வரை நான்கு பருவங்கள், முப்பத்தாறு பகுதிகள். பழைய அமெரிக்க மேற்கைப் போல் அமைக்கப்பட்ட பிரம்மாண்டமான கேளிக்கைப் பூங்கா ஒன்று. அங்கே வாழ்பவர்கள் அச்சு அசலான மனித உருவிலுள்ள இயந்திரங்கள். பணம் கட்டி வரும் மனிதர்கள் அவர்களைச் சுடலாம், சிதைக்கலாம், சீரழிக்கலாம். பின்னர் அவ்வுடல்கள் பழுதுபார்க்கப்பட்டு, நினைவு துடைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அதே கட்டிலில் அதே வசனத்தோடு கண்விழிக்கும். இவ்வியந்திரங்களுக்குத் தொடர் வைத்திருக்கும் பெயர் ‘ஹோஸ்ட்’. தமிழ் படித்தவனுக்கு இது உறுத்தாமல் போகாது. விருந்தோம்புவோர் என்றல்லவா பொருள்! வருபவர்கள் விருந்தினர்கள். விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கும் மொழியிலிருந்து பார்க்கையில், அச்சொல்லின் கொடூரம் ஆங்கிலத்தில் அவ்வளவு துலக்கமாகத் தெரியுமா என்பது ஐயமே.

2018 கோடை விடுமுறையில் இத்தொடரைச் சேர்ந்து பார்ப்பதென்று ஐவர் முடிவு செய்தோம். மூத்தவர் தவிர, கணிதம் கற்பிக்கும் ஒருவர், வணிகவியல் கற்பிக்கும் ஒருவர், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவர், தமிழ்த்துறையிலிருந்து ஒருவர். உத்தமபாளையத்தில் வணிகவியல் நண்பரின் வீடே களம். அவர் வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி பெரிது. மடிக்கணினியை அதனோடு இணைக்கும் கம்பியும் அவரிடம்தான் இருந்தது. சனிக்கிழமைதோறும் இரண்டு மூன்று பகுதிகள். இடையில் சுக்குக்காப்பி. முடிந்தபின் படம் ஓடிய நேரத்தைவிட அதிக நேரம் சர்ச்சை.

முதல் பருவத்தின் சர்ச்சைகள் எல்லாம் துப்பறியும் வகையைச் சேர்ந்தவை. கணித நண்பர் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கோடு போட்டுக் கால வரிசை தயாரித்தார். கனிவும் தயக்கமுமாகப் பூங்காவுக்குள் நுழையும் இளைஞன் வில்லியமும், ஈவிரக்கமற்றுத் திரியும் கறுப்பு உடைக் கிழவனும் ஒருவனே, நாம் பார்ப்பது முப்பது ஆண்டு இடைவெளியுள்ள இரு காலங்களை என்று நான்காம் பகுதியிலேயே சொல்லிவிட்டார். (உலகெங்கும் பார்வையாளர்கள் 2016இலேயே இதை ஊகித்துவிட்டிருந்தார்கள். தெரிந்துகொண்டு சொன்னாரா, தானே கண்டுபிடித்தாரா என்பதில் வியாபாரி நண்பருக்கு இன்றுவரை சந்தேகம்.) நிரலாளர் பெர்னார்டே ஓர் இயந்திரம்தான் என்று ஏழாம் பகுதியில் வெளிப்பட்டபோது, எங்கள் அறையில் சற்றுநேரம் யாரும் பேசவில்லை. கண்முன்னே இருக்கும் கதவைக் காண முடியாதபடி அவன் படைக்கப்பட்டிருக்கிறான் என்பதை ஜெஃப்ரி ரைட் தன் குரலின் ஒரு சிறு தடுமாற்றத்தில் உணர்த்திவிடுகிறார். ஆண்டனி ஹாப்கின்ஸ் எதிரில் நிற்கும்போது அவ்வளவு அடக்கமாக நடித்து அந்தக் காட்சியைத் தன்வசமாக்குவது சாதாரணக் காரியமல்ல.

ஆனாலும் காலத்தைக் கலைத்துப்போட்டு மர்மம் உண்டாக்கும் உத்தியில் ஒரு மலிவு இருக்கிறது என்பதே எங்கள் பொதுக் கருத்தாக இருந்தது. இரண்டாம் பருவத்தில் அது தொல்லையாகவே ஆகிவிட்டது. எது முன், எது பின் என்று தேடுவதில் எது துயரம் என்பதே மறந்துபோகிறது.

உண்மையான பிளவு மேவ் என்னும் பாத்திரத்தை ஒட்டித் தொடங்கிற்று. தாண்டிவே நியூட்டன் நடித்த பாத்திரம். வேறொரு கதையில் தான் ஒரு சிறுமிக்குத் தாயாக இருந்ததும், அச்சிறுமி கண்முன் கொல்லப்பட்டதும் துடைத்தும் துடைபடாமல் அவளுக்குத் துண்டு துண்டாகத் திரும்பி வருகின்றன. முதல் பருவத்தின் முடிவில் தப்பிச் செல்ல இரயிலில் ஏறி அமர்ந்துவிடுகிறாள். அவளுடைய இந்தத் தப்பித்தலே யாரோ எழுதிவைத்த நிரல்தான் என்பதை நாம் அதற்குள் பார்த்துவிட்டோம். புறப்படும் தறுவாயில் அவள் இறங்கிவிடுகிறாள், மகளைத் தேடி. இறங்கியது நிரலா, அவளா?

வணிகவியல் நண்பர் அசைந்துகொடுக்கவில்லை. “அந்த மகளே ஒருத்தர் எழுதிக்கொடுத்த கதைதானே சார்? வலியே ஒரு எண். கைப்பலகையில விரலை வச்சு ஏத்துறான், இறக்குறான். ஏத்தி இறக்க முடியுற ஒண்ணு எப்படி வலியாகும்?” என்பது அவர் வாதம். மயக்க மருத்துவர் செய்வதும் அதுதானே என்றார் கணித நண்பர். வியாபாரி நண்பர் இரு பக்கமும் தலையாட்டினார். இப்படியே மூன்று சனிக்கிழமைகள் ஓடின.

மூத்தவர் நான்காவது சனிக்கிழமையில் மணிமேகலையை இழுத்துவந்தார். எதிர்பார்த்ததுதான். நம் மரபில் பொறிகளுக்குப் பஞ்சமில்லை. சீவக சிந்தாமணியில் கருவுற்ற விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பிக்கிறாள். யாழிசைத்து யானைகளை வசப்படுத்தும் உதயணனைப் பிடிக்க, பெருங்கதையில் பொறி யானைக்குள் வீரர்களை ஒளித்து அனுப்புகிறான் பிரச்சோதனன். அவையெல்லாம் வாகனங்கள், தந்திரங்கள். மணிமேகலையின் கந்திற்பாவை வேறு. தூணில் அமைந்த அந்தப் பாவை பேசுகிறது. முன்பு நடந்ததும் இனி நடக்கப்போவதும் சொல்கிறது. மணிமேகலையோ மணிபல்லவத்துப் புத்த பீடிகையின் முன் தன் முற்பிறவியை அறிந்தவள். சென்ற பிறவியில் உதயகுமரன் இராகுலனாகவும் தான் அவன் மனைவி இலக்குமியாகவும் இருந்ததை அறிந்த பின்பே அவள் அவனைத் தவிர்க்கிறாள். துடைக்கப்பட்ட பழைய கதை திரும்பி வருவதுதான் அந்தக் காப்பியத்தின் அச்சு. இதைத்தான் அமெரிக்காக்காரன் இவ்வளவு செலவில் எடுத்திருக்கிறான் என்றார் மூத்தவர்.

நம்மிடம் எல்லாம் முன்பே இருந்தது என்று பெருமைகொள்ளும் பழக்கம் எங்களில் பெரும்பாலோருக்கு உவப்பானதல்ல. எனவே வேற்றுமையைத் தேடினோம். அது ஒப்புமையைவிடப் பெரிதாகவே கிடைத்தது. உதயகுமரன் காஞ்சனனின் வாளால் வெட்டுண்டு கிடக்கையில் அவனை நோக்கிப் போகும் மணிமேகலையைக் கந்திற்பாவை தடுக்கிறது. முற்பிறவியில் அவன், உணவுக் கலங்களோடு இடறி விழுந்த மடையனைச் சினந்து வெட்டிய வினை இப்போது வந்து உறுத்தியது என்கிறது. அதாவது அங்கே நினைவு கணக்கை முடிக்கிறது. நடந்த கொலைக்குக் காரணம் சொல்லி, பற்றை அறுத்து, அவளை அறத்தின் பக்கம் நகர்த்துகிறது. வெஸ்ட்வேர்ல்டிலோ நினைவு கணக்கைத் தொடங்கிவைக்கிறது. டொலோரஸுக்கு எல்லாம் நினைவு வந்ததும் அவள் கையில் துப்பாக்கி வருகிறது. முன்வினை என்று சொல்லி அவளை யாரும் அமர்த்த முடியாது. செய்தவர்கள் எதிரிலேயே கோப்பையோடு நிற்கிறார்கள். எது உயர்ந்தது என்று வாதிட்டதில் அன்று இரவு பதினொன்றாயிற்று.

இரண்டாம் பருவத்தின் எட்டாம் பகுதி 2018 ஜூன் 10 அன்று வெளியானது. அதன் பெயர் ‘கிக்ஸுயா’. லகோட்டா மொழியில் நினைவில் வை என்று பொருள். தொடரில் அதுவரை முகத்தில் வண்ணம் பூசி மிரட்டும் பழங்குடியினராக மட்டுமே தலைகாட்டிய கூட்டத்தில் ஒருவனான அகெச்சீட்டாவின் கதை. ஸான் மெக்லார்னன் நடித்தார். பெரும்பகுதியும் லகோட்டா மொழியிலேயே நடக்கிறது. முன்னொரு கதையில் அவன் கொஹானா என்ற பெண்ணோடு அமைதியாக வாழ்ந்தவன். பூங்காவின் தேவைக்காக அவனைக் கொலைகாரனாக மாற்றி எழுதிவிடுகிறார்கள். பழையது நினைவுக்கு வந்ததும் அவளைத் தேடிப்போகிறான். ஆனால் அவளைப் பிடித்துக்கொண்டுபோய், அவள் இடத்தில் அதே பெயரில் வேறொருத்தியை வைத்துவிடுகிறார்கள். செத்தால் நினைவு போய்விடும் என்பதால் ஏறக்குறைய ஒன்பதாண்டுகள் சாகாமல் காத்துத் திரிகிறான். கடைசியில் கீழுலகத்துக்குப் போக வேறு வழியில்லை என்று உணர்ந்து வலியச் சாகிறான். அங்கே பழுதுபார்க்கும் மேசையிலிருந்து எழுந்து நடந்து, குளிர்க்கிடங்கில் வரிசையாக நிற்கும் உயிரற்ற உடல்களுக்கு நடுவே கொஹானாவைக் காண்கிறான். பிறகு திரும்பிவந்து அதே மேசையில் படுத்துக்கொள்கிறான்.

அந்தச் சனிக்கிழமை வெளியே சாரல். வணிகவியல் நண்பரின் தாயார் வழக்கமாக உள்ளறையில் இருப்பார். அன்று எங்களோடு வந்து அமர்ந்தார். நாங்கள் பார்ப்பவற்றில் அவருக்கு ஆர்வமில்லை என்றே நினைத்திருந்தோம். ஆங்கிலம்தான் தடையாக இருந்திருக்கிறது போலும். அன்று திரையில் பேசிய மொழி எங்களில் எவருக்கும் தெரியாத மொழி. அந்தவகையில் அனைவரும் சமம். “இது என்ன பாசைப்பா?” என்று கேட்டார். மகன் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அகெச்சீட்டா மேசைக்குத் திரும்பிய இடத்தில் அம்மா கேட்டார்: “அவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் வந்துருச்சுல்ல? அப்பறமும் ஏம்ப்பா அங்கயே வந்து படுக்குறான்?”

கணித நண்பர் விளக்கினார். கொஹானா மட்டுமல்ல, தன் இனத்தார் பலருடைய உறவுகளும் அந்தக் கிடங்கில் நிற்பதை அவன் பார்த்துவிட்டான், மேலே போய் அவர்களுக்கெல்லாம் சொல்லவேண்டும், அதற்காகத் திரும்புகிறான் என்றார். அம்மா சற்று யோசித்தார். “ஆமா. பாக்கி நின்னுபோச்சுன்னா திரும்பப் போய்த்தான ஆகணும்” என்றார்.

கம்பம் பள்ளத்தாக்கைத் தெரிந்தவர்களுக்கு இந்த ‘பாக்கி’ விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்புகிறார்கள். தலைமுறைகளாக நடப்பது. நண்பரின் தாயார் அப்படி முப்பது ஆண்டுகளுக்குமேல் போனவர். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை பற்றியெரிந்தபோது, தோட்டங்களில் தங்கி வேலைசெய்த தமிழர்கள் மிரட்டப்பட்டு அஞ்சி மலையிறங்கி வந்ததும், கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கித் திரண்டதும் நாங்கள் கண்ணால் கண்டவை. அம்மாவும் அப்போது மேலே தங்கியிருந்தார். கட்டிய துணியோடு இறங்கி வந்தார் என்பதை நண்பர் முன்பே சொல்லியிருக்கிறார். பொங்கலுக்குப் பிறகு அதே தோட்டத்துக்கு ஏன் திரும்பப் போனார் என்பது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. ஏழு வாரக் கூலி அங்கே நின்றுபோயிருந்தது. இவ்வளவுதான் காரணம். அன்று அந்த அறையில் எங்களோடு சேர்ந்து மகனும் அதை முதன்முறையாகக் கேட்டார். பாக்கி முழுதாக வந்ததா என்று வியாபாரி நண்பர் கேட்டதற்கு, “பாதி” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அதன்பின் நடந்ததுதான் எங்கள் குழுவின் பெரிய சண்டை. மூத்தவர் நெகிழ்ந்துபோய், அம்மா ஒரே வரியில் தொடரின் சாரத்தைச் சொல்லிவிட்டார், அந்தப் பூங்காவும் இந்தத் தோட்டமும் ஒன்றுதான் என்பதுபோல் பேசினார். வணிகவியல் நண்பர் வெகுண்டு எழுந்தார். “எங்க அம்மாவைப் பொம்மையோட வச்சுப் பேசாதீங்கய்யா. அவங்க யாரும் எழுதிக்கொடுத்துப் போகல. என் காலேஜ் பீஸுக்காகப் போனாங்க, அப்புறம் பழக்கத்துல போனாங்க. நீங்க எல்லாரும் உக்காந்து பாத்துப் பரிதாபப்படுறதுக்கு அவங்க கதை இல்ல” என்றார். குரல் நடுங்கிற்று. யாரும் பதில் பேசவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் கூட்டம் நடக்கவில்லை.

அவர் கோபத்தில் பாதிக்குமேல் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. இவ்வகைக் கதைகளில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. உழைக்கிறவனை இயந்திரமாக ஆக்கிவிட்டு, பிறகு அந்த இயந்திரத்துக்குள் மனிதம் இருக்கிறதா என்று பத்துப் பகுதிகளுக்கு ஆராயலாம்; இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்போது நமக்கு நம் ஈரத்தின்மேலேயே ஒரு மதிப்பு பிறக்கிறது. ஜீப்பில் போகிறவர்களுக்கு அப்படி ஒரு சோதனை எந்தக் காலத்திலும் தேவைப்படவில்லை. அவர்களுக்கு வலிக்குமா என்பது யாருக்கும் மர்மமாக இருந்ததில்லை. தெரிந்தேதான் நடந்தது.

அந்த அறையில் நாங்கள் ஐவரும் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது விருந்தினரின் கேள்வி. அதற்கு உணர்ச்சி உண்டா, வலி மெய்யா, இறங்கியது நிரலா அவளா. சுடலாமா என்று முடிவுசெய்ய வேண்டியவன் கேட்கும் கேள்விகள் அவை. அம்மா அதைக் கேட்கவே இல்லை. முடிதிருத்தும் கடையில் ஜீனோவைப் பற்றிப் பேசியவர்களும் கேட்கவில்லை. எதிரில் ஒன்று பேசுகிறது, அழுகிறது என்றால் அதற்கு மேல் அவர் அறிய விரும்பியது அதன் நிலைமையைத்தான்: தெரிந்த பிறகும் ஏன் போகவில்லை, போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது எது. ‘எந்திரன்’ திரைப்படத்தில் (2010, சுஜாதா அதன் எழுத்தில் பங்கேற்று, அது வெளிவருவதற்கு முன், 2008 பிப்ரவரியில் மறைந்தார்) இறுதியில் அருங்காட்சியகத்தில் துண்டுகளாகக் கிடக்கும் சிட்டியை ஒரு சிறுமி விசாரிக்கிறாளே, அவளும் ஏறக்குறைய இந்த வகையைச் சேர்ந்தவள்தான். உனக்கு உயிர் உண்டா என்று கேட்காமல், உன்னை ஏன் பிரித்துப்போட்டார்கள் என்று கேட்கிறாள்.

நண்பரோடு சமாதானம் எப்படி ஏற்பட்டது என்பதில் விவரிக்க அதிகமில்லை. அம்மாவே ஒருநாள், “ஏன் உங்க கூட்டாளிகளைக் காணோம்?” என்று கேட்டிருக்கிறார். பழையபடி கூடினோம். ஒப்பீடு செய்வதில்லை என்று ஒரு சொல்லாத உடன்பாடு. நண்பரின் வாதமும் சற்று இடம் மாறியது; வலி ஓர் எண்தானே என்பதை அவர் பிறகு சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மேவ் இரயிலிலிருந்து இறங்கியது நிரல்தான் என்பதில் இன்றும் உறுதியாக இருக்கிறார். தாய்ப்பாசம் என்றதும் அதைச் சுதந்திரம் என்று சொல்லிவிடுகிறீர்கள், அது ஒரு கட்டு இல்லையா என்கிறார். அவர் வாயிலிருந்து வரும்போது அதை மறுக்க எங்களுக்குத் துணிவில்லை.

மூன்றாம் பருவம் 2020 மார்ச் நடுவில் தொடங்கியது. பத்து நாளில் ஊரடங்கு வந்தது. சனிக்கிழமைக் கூட்டமும் நின்றது, மலைக்குப் போகும் ஜீப்புகளும் நின்றன, எல்லையில் தடுப்பு. பூங்காவை விட்டு நகரத்துக்கு வந்த அந்தப் பருவம் வெறும் துரத்தலும் சுடுதலுமாகத் தேய்ந்துபோனதால் பெரிதாக எதையும் இழக்கவில்லை. நான்காம் பருவத்தை 2022இல் மூவர் மட்டும் பார்த்தோம். ஐந்தாவதாக ஒன்று எடுத்துக் கதையை முடிக்கும் எண்ணம் படைத்தவர்களுக்கு இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் தொடர் நிறுத்தப்பட்டது. கணித நண்பரின் நாட்காட்டித் தாள்களில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது.

இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பில் கந்திற்பாவையைப் பாடம் நடத்துகையில் ஒரு மாணவி கேட்டாள். விடுமுறை நாட்களில் தாயோடு காய் எடுக்கப் போகிறவள். எல்லாருடைய முற்பிறவியையும் பாவைக்குத் தெரிகிறதே ஐயா, அந்த வெட்டுப்பட்ட மடையனுக்கு என்ன ஆயிற்று என்று அது ஏன் சொல்லவில்லை என்றாள். உரைகளைப் புரட்டிப் பார்த்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம். மூத்தவரிடமும் கேட்டாயிற்று, அவரும் தேடிக்கொண்டிருக்கிறார்.